நகம் சதைய விட்டு தூக்கிட்டு நிக்குது, தினமும் மாவுலயும் தண்ணிலயும் கை வைக்கிற வேலை, என்ன பண்றதுங்க?

ஈரோட்டு மாவுக்காரம்மா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு மாசமா யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருக்கேன். வயசு 38, வீட்லயே இட்லி மாவு அரைச்சு குடுக்கறேன், அஞ்சு வருசமாச்சு. ரெண்டு கிரைண்டர், காலைல நாலரைக்கு ஆரம்பிச்சா மதியம் வரைக்கும் கை காயறதே இல்ல. உளுந்து கழுவறது, அரிசி களையறது, மாவு வழிக்கறது, அப்புறம் கல்லு குழவி எல்லாத்தையும் சோப்பு லிக்விட் போட்டு தேய்ச்சு கழுவறது.

தீபாவளி சமயத்துல வலது கை மோதிர விரல் நகத்து நுனில கொஞ்சூண்டு வெள்ளை தெரிஞ்சுது. நகம் வளர்ந்திருக்கும்னு நினைச்சு வெட்டினேன், வெட்டினாலும் வெள்ளை உள்ள போயிட்டே இருந்துச்சு. அப்புறம் தான் தெரிஞ்சுது நகம் சதைய விட்டு தூக்கிட்டு இருக்குன்னு. வலி ஒண்ணுமே இல்லீங்க, அதான் பயம் வரல. இப்ப மோதிர விரல் பாதிக்கு மேல விட்டுருச்சு, நடு விரல் கால்வாசி, கட்டை விரல்ல ஒரு ஓரமா தூக்கி அந்த எடம் பச்சை கலர்ல இருக்கு. ராத்திரி போர்வை நூலு மாட்டி இழுத்தா உசுரே போகுது.

இதுல பெரிய தொல்லை என்னன்னா அந்த சந்துக்குள்ள மாவு போய் அடைஞ்சுக்குது. காஞ்சு கல்லு மாதிரி ஆயி புளிச்ச வாடை வருது. சாப்பாட்டு பொருள் விக்கறவ கை இப்படி இருக்கலாமான்னு தினமும் வேலை முடிஞ்சதும் ஊக்க எடுத்து உள்ள விட்டு சுத்தமா சொரண்டி எடுத்துடுவேன். நான் எவ்ளோ சுத்தமா வச்சுக்கறனோ அவ்ளோ உள்ள போவுதுங்க, அதான் எனக்கு புரியவே மாட்டேங்குது.

மருந்து கடைல காட்டுனேன், படைக்கு போடற ட்யூப் ஒண்ணு குடுத்தாங்க, ஒன்றரை மாசம் போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. மாமியார் நகச்சுத்துன்னு சொல்லி எலுமிச்சம்பழத்த ஓட்டை போட்டு விரல்ல மாட்டி விட்டாங்க, எரிச்சல் தான் மிச்சம். பக்கத்து வீட்டுல நகத்த புடுங்கிட்டா புதுசு வந்துடும்ங்கறாங்க. இன்னொருத்தர் பூஞ்சை மாத்திரை மூணு மாசம் போடச் சொல்றார். மார்கழி மாசம், வேலைய விட்டுட்டு ஒக்காரவும் முடியாது. மாவு வாங்க வர்றவங்க கையவே பாக்கறாங்க, நான் கைய முந்தானைக்குள்ள மறைச்சுட்டு பாத்திரத்த நீட்டறேன். இது சரியாகுமா, எவ்ளோ நாளாகும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஓய்வு_நர்ஸ்_மதுரை:

தங்கச்சி, மொதல்ல அந்த ஊக்க தூக்கி போடும்மா. உன் கேள்விக்கு பாதி பதில் அந்த ஊக்குல தான் இருக்கு. தோல் ஓபில பதினோரு வருசம் நின்னுருக்கேன், நகம் தூக்குன கையோட வர்ற பொம்பளைங்கள்ல முக்காவாசி பேரு உன்னை மாதிரி சுத்தக்காரங்க தான். நகத்துக்கும் அடிச்சதைக்கும் நடுவுல ஒரு முத்திரை மாதிரி ஒட்டு இருக்கும், ஊக்கு குச்சி ஃபைல் எது உள்ள போனாலும் அந்த ஒட்ட இன்னும் கொஞ்சம் நெம்பி விட்டுடும். நீ இன்னைக்கு சொரண்டுன அளவு தான் நாளைக்கு வெள்ளையா தெரியுது.

இதுக்கு பேரு ஆனிக்கோலைசிஸ். பேரு தான் பெருசு, அர்த்தம் நகம் படுக்கைய விட்டு பிரியறது, அவ்ளோதான். இது ஒரு நோயோட பேரு இல்ல, ஒரு அடையாளம், அதுக்கு பின்னாடி காரணம் பல இருக்கும். வெள்ளையா தெரியறது காத்து. நகத்துக்கு அடில காத்து புகுந்தா வெள்ளையா தெரியும், ஒட்டி இருக்கற எடத்துல சதை ரத்தம் தெரியறதால ரோஸ் கலர்.

விட்டுப்போன நகம் திரும்ப ஒட்டாதும்மா, இத நல்லா மனசுல வச்சுக்க. நகம் நுனில வளர்றது இல்ல, அடி வேர்ல இருந்து தான் வருது. புதுசா வர்ற நகம் சதைய புடிச்சுக்கிட்டே நுனி வரைக்கும் வந்து சேரணும், அதுவரைக்கும் காத்திருக்கணும். கை நகம் மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் தான் வளரும், அதனால முழுசா மாற அஞ்சு ஆறு மாசம். கால் நகமா இருந்தா ஒரு வருசம் ஒன்றரை வருசம்னு போகும். நீ ஒண்ணு பாரு, தீபாவளிக்கு மருதாணி வச்சிருந்தியா? வச்சிருந்தா நகத்து வேர் பக்கம் மருதாணி இல்லாம எவ்ளோ வளந்து வந்திருக்குன்னு பாரு, அது தான் உன் நகத்தோட வேகம்.

இப்ப செய்ய வேண்டியது. தூக்கி நிக்கற நகத்த வெட்டிடு. புடுங்காத, வெட்டு. புடுங்குனா ஒட்டி இருக்கற நல்ல பாகமும் சேந்து பேந்துடும், வேர்ல அடிபட்டா புதுசா வர்றதும் கோணலா வரும். கை நல்லா காஞ்சப்புறம், சின்ன நகவெட்டியால ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா, வெள்ளையும் ரோஸும் சேர்ற எடத்துக்கு கிட்ட வந்ததும் நிறுத்திடு. பாக்க அசிங்கமா தான் இருக்கும், பாதி விரல் மொட்டையா தெரியும், பரவால்ல. தூக்குன நகம் நெம்புகோல் மாதிரி, எது மேல பட்டாலும் மிச்சத்தையும் தூக்கும். வெட்டிட்டா நெம்ப ஒண்ணும் இருக்காது, அடில தண்ணியும் தங்காது. வாரம் ஒரு தடவ அதே மாதிரி வெட்டிட்டே வா.

கழுவறப்ப நுனிய மேல் பக்கமா வச்சு தண்ணி பீய்ச்சி உள்ள அடிக்காத, விரல்நுனி கீழ பாக்குற மாதிரி புடிச்சு தண்ணிய ஊத்து, அடைஞ்சது தானா வரும். அப்புறம் துணில ஒத்தி எடுத்துட்டு ஃபேன் கிட்ட அஞ்சு நிமிசம் காட்டு.

பச்சையா இருக்குன்னியே, அது சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா, ஈரமான சந்துல வந்து தங்கும், அதோட சாயம் தான் அந்த பச்சை. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு கலந்து, காலைலயும் ராத்திரியும் அஞ்சு பத்து நிமிசம் முக்கி வச்சு, நல்லா தொடச்சு காயவை. அந்த பக்கத்த வெட்டிட்டா சீக்கிரமே போயிடும். அது போற வரைக்கும் அந்த கையால மாவ நேரா தொடாத, கையுறை போட்டுக்க, சாப்பிடறவங்களுக்கும் நல்லது.

ஆனா நகத்துக்கு கீழ கறுப்பு கோடு மாதிரி வந்தாலோ, சீழ் வலி வீக்கம் இருந்தாலோ, சுகர் இருந்தாலோ இங்க கேட்டுட்டு ஒக்காராத, நேரா டாக்டர பாரு. உனக்கு மூணு விரல்னால எப்படியும் ஒரு தடவ காட்டிடறது நல்லது.


பாத்திரம்_கழுவுனவன்:

அக்கா நான் கோயம்புத்தூர்ல கேட்டரிங் கிச்சன்ல ஆறு வருசம் பாத்திரம் கழுவுனேன், எனக்கும் இதே கதை, நாலு விரல் போச்சு. நர்ஸம்மா சொன்னதெல்லாம் கரெக்ட், ஆனா வேலை செய்யறவனுக்கு கையுறை போடுன்னு சொன்னா மட்டும் போதாது, எப்படி போடணும்னு சொல்லணும், நான் அதுல தான் ரெண்டு மாசம் வீணாக்குனேன்.

வெறும் ரப்பர் கையுறைய மாட்டிட்டு ஒரு மணி நேரம் வேலை செஞ்சா உள்ள வேர்த்து கை ஊறிடும். வெளி தண்ணிக்கு பதிலா சொந்த வேர்வைல ஊறுது, நகத்துக்கு ரெண்டும் ஒண்ணு தான். அதனால உள்ள பனியன் துணில தைச்ச மெல்லிசு காட்டன் கையுறை, அதுக்கு மேல ரப்பரோ வினைலோ. உள்ள போட்டது ஈரமாச்சுன்னா கழட்டி காயப்போட்டுட்டு வேற மாத்திக்கணும். நான் ஒரு டஜன் வாங்கி வச்சுருந்தேன், தினமும் நாலு ஜோடி ஆகும், ராத்திரி துவைச்சு கொடில போட்டுருவேன். இருபது நிமிசத்துக்கு ஒருக்கா கழட்டி கைய ஆற வைப்பேன். ரப்பர் கையுறைல பொத்தல் விழுந்தா அன்னைக்கே தூக்கி போட்டுருங்க, ஒரு சின்ன ஓட்டை வழியா சோப்பு தண்ணி உள்ள போயி அங்கயே நிக்கும், கையுறை போடாததவிட மோசம்.

இன்னொண்ணு அக்கா, மாவு வழிக்கறப்ப விரல வளைச்சு நகத்தால தானே டிரம்ம சொரண்டுவீங்க? எங்க அம்மாவும் அப்படித்தான். ஈரத்துல ஊறி மெதுவா இருக்கற நகத்த அப்படி ஒரு நாளைக்கு நூறு தடவ நெம்புனா எப்படி ஒட்டி இருக்கும். கேக் செய்யறவங்க வச்சிருக்கற சிலிகான் கரண்டி ஒண்ணு வாங்குங்க, டிரம் வளைவுக்கு அது நல்லா வளைஞ்சு குடுக்கும், மாவும் மிச்சம் இல்லாம வரும். மாவு கலக்கறதுக்கும் நீளமா மரக்கரண்டி.

கையால கலக்குனா தான் பொங்கும்னு சொல்லுவாங்க, எனக்கு தெரியும். எங்க மாஸ்டர் கரண்டில தான் கலக்குவாரு, மாவு பாத்திரத்த விட்டு வழிஞ்சு கீழ ஊத்தும். பொங்க வைக்கிற கிருமி உளுந்துலயே இருக்குங்க, கை போடலனாலும் அது வேலைய அது செய்யும், கதகதப்பு இருந்தா போதும்.


சேலத்து_செல்வி:

எனக்கு ஒரு தடவ கதவுல நசுங்கி நகம் தூக்குச்சு, ஃபெவிக்விக் ரெண்டு சொட்டு விட்டு ஒட்டிட்டேன், ஒண்ணும் ஆகல. அவசரத்துக்கு அது ஓகே. மேல நெயில் பாலிஷ் போட்டுட்டா யாருக்கும் தெரியாது.


ஓய்வு_நர்ஸ்_மதுரை:

செல்வி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்கறது உங்க அதிர்ஷ்டம், தயவுசெஞ்சு இந்த பொண்ணுக்கு இத சொல்லாதீங்க. உள்ள ஈரமும் மாவும் பாக்டீரியாவும் இருக்கற எடத்த பசை போட்டு மூடுனா அது குளிக்காம கதவ சாத்துன மாதிரி, பச்சை கருப்பாகற வரைக்கும் யாருக்கும் தெரியாது. சதை எரிஞ்சும் போகும், அலர்ஜியும் வரும். ஒட்டு நகம், ஜெல் பாலிஷ் ரெண்டும் வேண்டாம், ஜெல்ல இருக்கற அக்ரிலேட் அலர்ஜியாலயே நகம் தூக்கி வந்தவங்கள நான் பாத்திருக்கேன். சாதா பாலிஷும் இப்ப வேண்டாம், அத அழிக்கிற ரிமூவர் நகத்த இன்னும் காய வச்சு உரிக்கும், அடில என்ன நடக்குதுன்னு பாக்கவும் முடியாது.


குழி_விழுந்த_நகம்:

ஒரு வார்த்தை சொல்லிட்டு போறேன், அந்த மூணு மாச பூஞ்சை மாத்திரைய டெஸ்ட் எடுக்காம தொடாதீங்க சிஸ்டர்.

எனக்கு 2019ல இதே மாதிரி ரெண்டு கைலயும் நகம் தூக்குச்சு. ஒரு டாக்டர் பாத்த உடனே பூஞ்சைன்னு எழுதிட்டார், டெஸ்ட் கிடையாது ஒண்ணும் கிடையாது. டெர்பினாஃபின் 250 தினமும் ஒண்ணு. சரியாகலன்னு திரும்ப போனேன், இன்னும் மூணு மாசம்னார், அப்புறம் வேற ஒரு மாத்திரை. மொத்தம் ஒரு வருசத்துக்கு மேல போச்சு, கல்லீரல் டெஸ்ட் கூட ஒரு தடவ எழுதல. பணம் போனத விட, நான் நல்லாகவே மாட்டேனோன்னு நினைச்சு நினைச்சு போன தூக்கம் தான் இன்னைக்கும் வலிக்குது.

அப்புறம் வேற ஊர்ல ஒரு தோல் டாக்டரம்மா. அவங்க என் நகத்த ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சு பாத்தாங்க. நகத்து மேல ஊசி முனையால குத்துன மாதிரி சின்ன சின்ன குழி. தூக்குன எடத்துக்கு ஓரமா நல்லெண்ணெய் சொட்டு விழுந்த மாதிரி மஞ்சளும் செவப்புமா ஒரு திட்டு. உடனே என் தலைமுடிய ஒதுக்கி பாத்தாங்க, காதுக்கு பின்னாடி பொடுகுன்னு நான் நினைச்சுட்டு இருந்தது சோரியாசிஸ்ங்கற தோல் நோய். நகத்துல இருந்ததும் அது தான். பூஞ்சைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அந்த மாத்திரை எத்தனை வருசம் தின்னாலும் போயிருக்காது.

அதனால உங்க நல்ல நகங்கள்ல குழி இருக்கா, முழங்கை முட்டி தலைல செதில் இருக்கா, காலைல விரல் மூட்டு விறைப்பா இருக்கான்னு பாருங்க. இருந்தா டாக்டர்கிட்ட அத வாய விட்டு சொல்லுங்க, அவங்களா கேப்பாங்கன்னு இருக்காதீங்க. சோரியாசிஸ் இருக்கறவங்களுக்கு நகத்த குத்துனா நோண்டுனா அந்த எடத்துலயே இன்னும் அதிகமாகும், அதனால ஊக்க தூக்கி போடறது எனக்கும் தான் மொத மருந்தா இருந்துச்சு. இப்ப தூக்குன பாகத்த வெட்டிட்டு அடில லோஷன் விடறேன், எட்டு விரல் சரியாயிருச்சு.


லட்சுமி_விளாஸ்_மாடி:

மோதிர விரல்ல ஆரம்பிச்சதுன்னு படிச்சதும் எழுதறேன். எனக்கு தைராய்டு அதிகமா சுரந்தப்ப இதே மோதிர விரல் நகம் தான் மொதல்ல விட்டுச்சு. கூடவே படபடப்பு, கை நடுக்கம், நல்லா சாப்டும் எடை குறையறது, வேர்த்து கொட்டறது. நான் நகத்துக்கு தான் போனேன், டாக்டர் டிஎஸ்ஹெச்னு தைராய்டு ரத்த டெஸ்ட் எழுதி குடுத்தாங்க. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?


ஓய்வு_நர்ஸ்_மதுரை:

நல்ல ஞாபகம் வச்சிருக்கீங்கம்மா. தைராய்டுல மோதிர விரலும் சுண்டு விரலும் தான் பெரும்பாலும் மொதல்ல விடும். இவளுக்கு வேலை செய்யற கையில மட்டும் இருக்கறதால ஈரம் தான்னு என் மனசுக்கு படுது, ஆனாலும் ஒரு ரத்த டெஸ்ட் தானே, எடுத்துட்டா சந்தேகம் தீரும். ரத்த சோகையும் சேத்து பாக்க சொல்லு தங்கச்சி. அப்புறம் பருவுக்கோ சளிக்கோ டாக்ஸிசைக்ளின் மாத்திரை போட்டுட்டு வெயில்ல நின்னாலும் நகம் தூக்கும், கடந்த மாசங்கள்ல என்னென்ன மாத்திரை போட்டன்னு ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டு போ.


லேப்_பொண்ணு_நெல்லை:

அக்கா, நகத்த டெஸ்ட்டுக்கு எடுக்கறது எங்க வேலை, அதனால உள்ள என்ன நடக்குன்னு சொல்லுதேன், நீங்க ரெடியா போவலாம்.

மொதல்ல அந்த ட்யூப் க்ரீம நிறுத்துங்க. பூஞ்சை க்ரீம் போட்டுட்டு வந்தா பூஞ்சை இருந்தாலும் லேப்ல தெரியாம போயிரும். க்ரீம்னா குறைஞ்சது 2 வாரமாவது விட்டுட்டு வரணும், மாத்திரை போட்டிருந்தா இன்னும் அதிகம், டாக்டர்கிட்ட சொல்லிருங்க. அதுவும் கடைல குடுக்கற அந்த கலவை ட்யூபுல பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மூணும் சேத்து அடைச்சிருப்பாவ. அட்டைய எடுத்து க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன்னு ஸ்டீராய்டு பேரு எதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. நாள்பட போட்டா தோலு மெலிஞ்சு போவும், பூஞ்சை இருந்தா அத மறைச்சு வளக்கும்.

சாம்பிள் எடுக்கறப்ப தூக்குன நகத்த வெட்டி, மேலாப்புல இருக்கற தூச தள்ளிட்டு, ஒட்டும் ஒட்டாததும் சேர்ற அந்த ஆழத்துல இருந்து பொடிய மெதுவா வழிச்சு எடுப்போம். அங்க தான் உயிரோட பூஞ்சை இருக்கும், நுனில இருக்கறது வெறும் அழுக்கு. அதனால வர்றதுக்கு முன்னாடி நாள் நீங்களே சுத்தமா வெட்டிட்டு வந்திராதீங்க, எங்களுக்கு எடுக்க ஒண்ணும் இருக்காது. அத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஊற வச்சா நகம் கரைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிரும், பூஞ்சை இழை மட்டும் கரையாம நிக்கும், மைக்ரோஸ்கோப்புல நூலு நூலா தெரியும். இது ஒரே நாள்ல சொல்லிரலாம். அந்த பொடில இருந்து கிருமிய வளத்து பாக்கற கல்ச்சர் போட்டா நாலு வாரம் வரைக்கும் ஆவும், அவசரப்பட்டு கேக்காதீங்க.

ஈஸ்ட் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா பயந்துராதீங்க. தண்ணி வேலை செய்யறவங்க கையில கேண்டிடாங்கற ஈஸ்ட் அடிக்கடி வரும், நிறைய பேருக்கு நகம் தூக்குனதால அது வந்து குடியேறுனது தான், அது வந்ததால நகம் தூக்குனதில்ல. எடம் காஞ்சா அதுவும் கிளம்பிரும். ரிப்போர்ட்ட வச்சு என்ன செய்யணும்னு டாக்டர் தான் சொல்லணும், நீங்களா ரிப்போர்ட்ட மருந்து கடைல காட்டி மருந்து வாங்கிராதீங்க. ஈரோடுன்னா பக்கத்துல பெருந்துறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்குல்லா, தோல் ஓபிக்கு காலைலயே போயிருங்க.


ஈரோட்டு மாவுக்காரம்மா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க. படிச்சுட்டு ரொம்ப நேரம் கைய பாத்துட்டே இருந்தேன். ஊக்கு நாந்தான் குத்திட்டு இருந்திருக்கேன்னு நினைச்சா அழுகை வந்துருச்சு. அந்த ஊக்க எடுத்து பூஜை அலமாரில போட்டு வச்சுட்டேன், கைக்கு எட்டாத எடம்.

நர்ஸக்கா சொன்ன மருதாணிய பாத்தேன். இடது கைல தான் வச்சிருந்தேன், வலது கைக்கு அடுத்த நாள் வைக்கலாம்னு விட்டது வைக்கவே இல்ல. இடது மோதிர விரல்ல அடில பாதி நகம் வெறுமையா, மேல பாதி செவப்பா, நடுவுல கோடு போட்ட மாதிரி இருக்குங்க. இத்தன நாளா கண்ணு முன்னாடி இருந்துருக்கு, நான் கவனிக்கவே இல்ல. அப்ப ரெண்டு மாசத்துல பாதி வந்துடுதுன்னா வலது கைலயும் வரும்ல அக்கா?

லேப் பாப்பா சொன்னதால நடு விரலையும் கட்டை விரலையும் ஆஸ்பத்திரிக்குன்னு விட்டுட்டேன். மோதிர விரல மட்டும் நேத்து ராத்திரி வெட்டினேன், நகம் இவ்ளோ பெருசா போயிருக்கும்னு நினைக்கல, சில்லு சில்லா வந்துச்சு, அடில சதை வரவரன்னு காஞ்ச தோலு மாதிரி இருக்குங்க. அந்த தோலு அப்படியே இருந்துடுமா, நகம் அதுல ஒட்டுமா? ட்யூப் அட்டைல க்ளோபெட்டசால்னு தான் போட்டுருக்கு. குழி இல்ல, செதில் இல்ல, படபடப்பு இல்ல. இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு புதன்கிழமை ஓபிக்கு போறேன், அன்னைக்கு மட்டும் மாவு கிடையாதுன்னு போர்டு எழுதி வச்சுடறேன்.


ஓய்வு_நர்ஸ்_மதுரை:

அழாத தங்கச்சி, சுத்தமா இருக்கணும்னு தானே செஞ்ச.

நீ கேட்டது நல்ல கேள்வி. நகம் மூடாம ரொம்ப காலம் வெளில கிடந்தா அடிச்சதை சாதா தோலா மாறிடும், அப்புறம் புதுசா வர்ற நகத்துக்கு புடிச்சுக்க எடம் இல்லாம போயிடும், அதனால தான் வருசக்கணக்குல விட்டுடாதன்னு எல்லாருக்கும் சொல்றது. உனக்கு ரெண்டு மாசம் தான், பயப்படாத. அந்த எடத்த தேய்க்காத, சொரண்டாத, ராத்திரி படுக்கறப்ப நகத்து வேர் பக்கத்து ஓரத்துல மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்க, தூக்குன சந்துக்குள்ள விடாத. வலது கையும் வரும், கண்டிப்பா வரும். பெரும்பாலும் வேலை செய்யற கை நகம் கொஞ்சம் வேகமாவே வளரும்.


அம்மாவுக்காக_வந்தவள்:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். அம்மாவுக்கு மார்பக புற்றுநோய்க்கு டோசிடாக்செல்ங்கற கீமோ மருந்து ஏத்தறாங்க, மூணாவது ஊசிக்கு அப்புறம் பத்து விரலும் அடில கறுத்து தூக்க ஆரம்பிச்சுருக்கு. அம்மா கைய பாக்கவே மாட்டேங்கறாங்க. வெட்டலாமா, வினிகர் வைக்கலாமா?


ஓய்வு_நர்ஸ்_மதுரை:

கண்ணு, உங்கம்மாவுக்கு இங்க படிச்சது எதையும் நீயா செய்யாத. ஊசி ஏத்தற நாட்கள்ல எதிர்ப்பு சக்தி கம்மி, சின்ன காயத்துல கூட கிருமி பரவும். நாளைக்கே புற்றுநோய் டாக்டர்கிட்ட போன் போட்டு சொல்லு, சீழோ காய்ச்சலோ இருந்தா இன்னைக்கே. அந்த மருந்துக்கு நகம் போறது அடிக்கடி நடக்கறது தான். ஊசி ஏறும்போது குளிர் கையுறை மாட்டுனா விரலுக்கு போற ரத்தம் குறைஞ்சு நகத்துல மருந்து கம்மியா போகும், அடுத்த ஊசிக்கு முன்னாடி அது வச்சிருக்காங்களான்னு கேளு. மருந்து முடிஞ்சா நகம் திரும்ப வரும்னு அம்மாகிட்ட சொல்லு. அதுவரைக்கும் பாத்திரம் துணி எதையும் தொட விடாத, மெல்லிசு பருத்தி கையுறை போட்டு விடு.


ஈரோட்டு மாவுக்காரம்மா:

மாசி பொறந்துடுச்சுங்க, சொல்லாம இருந்தா தப்புன்னு வந்தேன். பெருந்துறை போனேன். பொடி எடுத்து பாத்தாங்க, பூஞ்சை இழை இல்ல, கல்ச்சர்ல கேண்டிடா மட்டும் கொஞ்சம். தைராய்டு நார்மல், ரத்தம் கொஞ்சம் கம்மின்னு இரும்பு மாத்திரை குடுத்துருக்காங்க. ஈரத்தாலயும் நெம்பறதாலயும் தான்னு டாக்டரும் சொல்லிட்டாங்க. பூஞ்சை மாத்திரை வேண்டாம், தடவறதுக்கு ஒரு மருந்து மட்டும்.

பச்சை பத்து நாள்ல போயிருச்சு. இப்ப கல்லு கழுவறது வீட்டுக்காரர், நான் சொல்றதுக்கு முன்னாடியே கிரைண்டர ஆஃப் பண்ணி குழவிய தூக்கிட்டு போயிடறார். சிலிகான் கரண்டில வழிக்கறேன், அந்த தம்பி சொன்னது நிஜம், ஒரு டிரம்முக்கு முன்ன விட ஒரு கரண்டி மாவு கூட வருது. கரண்டில தான் கலக்கறேன், மார்கழி குளிர்லயே போசி வழிஞ்சுது. பனியன் கையுறை பன்னண்டும் கொடில தொங்கறத பாத்து பக்கத்து வீட்டு குழந்தை "இதெல்லாம் யாருக்கு, பாட்டி?"ன்னு மாமியார கேக்குதாம்.

கட்டை விரல் முழுசா வந்துருச்சு. நடு விரல் நுனில நூல் அளவு பாக்கி. மோதிர விரல் தான் மெதுவா வருது, முக்காவாசிக்கு ரோஸா ஒட்டிட்டு வந்து நின்னுருக்கு, வாரா வாரம் ஞாயித்துக்கிழமை நுனிய வெட்டிட்டு பேனாவால பக்கத்துல ஒரு சின்ன தாள்ல கோடு போட்டு வச்சுக்கறேன். இடது கைல இருந்த மருதாணி போன வாரம் வெட்டுனதோட முடிஞ்சுது.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அக்கா. சித்திரைல தங்கச்சி பொண்ணுக்கு சீர். அரைச்ச மருதாணி, வீட்டு செடி தான், கோன் இல்ல. வலது கைக்கு வைக்கலாமா?


ஓய்வு_நர்ஸ்_மதுரை:

மூணு விரலும் நுனி வரைக்கும் ஒட்டிடுச்சுன்னா தாராளமா வை. பாக்கி இருந்தா அந்த விரல மட்டும் விட்டுட்டு வை, ராத்திரி முழுக்க ஈரமா கட்டி வைக்காம ரெண்டு மணி நேரத்துல கழுவிடு. வச்ச தேதிய அந்த தாள்லயே எழுதிக்க.